தம்பி நாயுடுவை வளர்த்தது யார்?

1911ஆம் ஆண்டில் நம் பகுதியைத் தொட்ட நிகழ்வுகள் இரண்டு. ஏப்ரல் 1ஆம் தேதி, வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுக்காக்களையும் ஜமீன்களையும் பிரித்தெடுத்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். மூன்று மாதம் கழித்து, ஜூலை 1ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றுவதை இந்திய அரசு நிறுத்தியது. முதல் செய்தி மாவட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. இரண்டாவதை இங்கே பேசுவார் குறைவு. ஆனால் இரண்டும் ஒரே மண்ணைப் பற்றிய செய்திகள்தாம்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16ஆம் தேதி 342 பேரை டர்பன் துறையில் இறக்கியது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள். அதிகம் பேரை அனுப்பிய மாவட்டங்களின் வரிசையில் வட ஆர்க்காடு முன்னால் நிற்கிறது. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், தாலுக்கா, ஊர் என்று எழுதி வைத்தார்கள். சித்தூர் என்ற பெயரை அந்தப் பதிவேடுகளில் மீண்டும் மீண்டும் பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை இந்தப் பக்கத்தைச் சுட்டெரித்த தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துப் பார்த்தால், ஆள் சேர்ப்பவர்கள் சொன்ன ஆசை வார்த்தைகளுக்கு ஏன் இத்தனை பேர் தலையசைத்தார்கள் என்பது விளங்கும்.

பாலசமுத்திரம் இன்று சித்தூர் மாவட்டத்தின் எல்லையோரத்தில், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டை ஒட்டிய ஒரு மண்டலம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அந்த மாநிலத்தோடு போனது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. இடையில் நின்ற ஊர்களில் வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி என்று மூன்று தலைமுறைகள் வாழ்ந்துவிட்டன. வேலைக்கு ஊர்விட்டுப் போவதும் இங்கே பழைய பழக்கம். சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பதிக்கும் போகிறார்கள், ஸ்ரீசிட்டி ஆலைகளுக்குப் போகிறார்கள், வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். போகிறவர்களைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் சம்பளத்தைப் பற்றித்தான். போன இடத்தில் அவர்கள் எப்படி மதிப்போடு நிற்கிறார்கள், தங்களுக்காகப் பேச யாரை வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நூறாண்டுக்கு முந்திய ஒரு மனிதரை இங்கே அழைத்து வருகிறேன்.

கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு 1875இல் மொரீசியசில் பிறந்தார். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து அங்கே போனவர்கள். 1889இல், பதினான்கு வயதில், அவர் தென்னாப்பிரிக்கா வந்தார். அப்பா அம்மா ஒரு கடலைத் தாண்டினார்கள், பிள்ளை இன்னொன்றைத் தாண்டினான். பள்ளிக்கூடம் என்று சொல்லும்படி எதிலும் அவர் படித்ததில்லை. ஜோகன்னஸ்பர்கில் வண்டி வைத்துச் சரக்கேற்றும் தொழிலும் சிறு வியாபாரமுமாகப் பிழைத்தார். ஆங்கிலமும் தமிழும் புழங்கிப் புழங்கி வந்தவை. இந்துஸ்தானி பேசுவார், மொரீசியசின் கிரியோல் தெரியும், எழுத்துத் தெரியாவிட்டாலும் தெலுங்கும் ஓரளவு வரும். நம் எல்லைப்புற ஊர்களில் சந்தைக்குப் போய்வரும் எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். பெயருக்குப் பின்னால் நாயுடு என்று இருக்க, ஜோகன்னஸ்பர்க் தமிழ் நலச் சங்கத்துக்கு அவர் தலைமை ஏற்றதில் அங்கே யாருக்கும் வியப்பில்லை. நம்மூர்க்காரர்களுக்கும் இருக்காது.

ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலில் அப்போது இந்தியர்களின் நிலை என்ன? 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசியர்களுக்குக் குடியுரிமை கிடையாது. ஒதுக்கிய இடங்களுக்கு வெளியே நிலம் வாங்க முடியாது. 1906இல் வந்த அவசரச் சட்டம் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆசியரும் பத்து விரல் ரேகையும் பதித்துப் பதிவுச் சீட்டு வாங்கி, எங்கே போனாலும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. செப்டம்பர் 11ஆம் தேதி எம்பயர் அரங்கில் கூடிய கூட்டம் அந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதியெடுத்தது. சத்தியாக்கிரகத்தின் பிறப்பிடம் என்று உலகம் இன்று சொல்லும் இடம் அது.

உறுதி எடுத்தவர்கள் பலர். பதிவு அலுவலக வாசலில் நாள் முழுக்க நின்று, உள்ளே போக வந்தவர்களிடம் கைகூப்பிப் பேசி, அடாவடி எதிலும் இறங்காமல் திருப்பி அனுப்பும் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. 1907இல் அந்தத் தொண்டர் படையை நடத்தியவர் தம்பி நாயுடு. 1908 ஜனவரியில் காந்தி சிறைக்குப் போனபோது அவரும் போனார். சிறையிலிருந்து டிரான்ஸ்வால் அமைச்சர் ஸ்மட்ஸுக்குச் சென்ற சமரசக் கடிதத்தில் மூன்று கையெழுத்துகள் உண்டு: காந்தி, சீனர்களின் தலைவர் லியுங் குவின், தம்பி நாயுடு. பள்ளி வாசலை மிதிக்காத வண்டிக்காரர் பாரிஸ்டருக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார். பிப்ரவரி 10ஆம் தேதி காலை, சமரசப்படி தாமாகப் பதிவு செய்ய காந்தி நடந்து போனபோது வழியில், சமரசத்தை எதிர்த்த மீர் ஆலம் என்ற பத்தானும் அவன் ஆட்களும் தடியால் தாக்கினார்கள். கூட நடந்து கொண்டிருந்த தம்பி நாயுடுவுக்கும் தோழர் ஈசப் மியாவுக்கும் அடி விழுந்தது.

அவர் சிறைக்குப் போனது மொத்தம் 14 தடவை என்று குறித்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் படிக்கும்போது வீட்டையும் நினைக்க வேண்டும். 1908இல் அவர் சிறையில் இருந்தபோது கர்ப்பிணியாக இருந்த மனைவி வீரம்மாளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. புதைக்கும்போது தகப்பன் பக்கத்தில் இல்லை. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகும் பின்வாங்கவில்லை.

காந்தி பின்னாளில் தம்பி நாயுடுவைப் பற்றி எழுதியபோது அவருடைய துணிச்சலையும் உழைப்பையும் மனமாரப் பாராட்டினார். அவசரபுத்தியும் கோபமும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் இந்தியர்கள் முழுமைக்கும் அவரே தலைமை தாங்கியிருக்கலாம் என்றும் சொன்னார். அந்த மதிப்பீட்டில் எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை. பதினான்கு வயதில் அந்நிய ஊரில் இறங்கி, நடைபாதையில் நடப்பதற்கே அவமதிப்பைச் சந்தித்த மனிதரிடம் கோபம் இருந்ததைக் குறையாக எண்ண முடியவில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் யார் மேலும் கை ஓங்காமல் வாசலில் நின்றாரே, அதுதான் பெரிது.

தம்பி நாயுடுவைப் போல் ஒருவர் தாமாக முளைத்துவிடுவதில்லை. அவர் சிறையில் இருக்கும்போது வீட்டு அடுப்பு எரிய வேண்டும். வண்டித் தொழில் நின்றுபோனால் கடன்காரன் வாசலில் நிற்பான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஜோகன்னஸ்பர்க் தமிழர்கள் பெரும்பாலும் தெருத்தெருவாகப் பழம், காய் விற்றவர்கள், சமையல்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள். பெரிய வணிகர்கள் அவர்களில் சிலரே. சங்கம் என்ற ஒன்று இருந்ததால்தான் சிறைக்குப் போனவர் வீட்டை மற்றவர்கள் தாங்கினார்கள். 1910இல் காந்தியின் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. சிறைவாசிகளின் குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்து பிழைக்க ஓர் இடம் என்பதுதான் அதன் முதல் நோக்கம். அங்கே தம்பி நாயுடு மேடையேறிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. சுகாதாரமும் சந்தைச் சாமான் வாங்குவதும் அவர் பொறுப்பில் இருந்தன. பண்ணையின் கழிப்பிடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது பதினான்கு தடவை சிறை சென்றவரின் வேலை. நம் ஊர்த் தலைவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்பது அதன் பொருள். இந்தியப் பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற சட்டத் தகுதியை இழந்தார்கள். அதோடு நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மேல் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி இருந்தது. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். தோட்டத்தில் முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஆறு மாதக் கூலியை வரியாகக் கட்டு, இல்லையென்றால் மறுபடி அடிமைச்சீட்டு எழுது, அதுவும் முடியாவிட்டால் கப்பலேறு என்று சட்டம் சொன்னது.

டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த பதினொரு பெண்கள் புறப்பட்டார்கள். பத்துப் பேர் தமிழ்ப் பெண்கள். வீரம்மாள் இருந்தார், அவருடைய தாயார் இருந்தார். ஆறு பேரின் இடுப்பில் கைக்குழந்தை. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போய், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். தம்பி நாயுடுவும் அங்கே உடன் நின்றார். வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் 21ஆம் தேதி பெண்களைக் கைது செய்து மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். நவம்பர் 6ஆம் தேதி எல்லையை நோக்கிப் புறப்பட்ட நடைப்பயணத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். தில்லையாடி வள்ளியம்மை என்று தமிழ்நாடு கொண்டாடும் பதினாறு வயதுப் பெண் சிறையில் பிடித்த காய்ச்சல் தணியாமல் 1914 பிப்ரவரி 22ஆம் தேதி உயிர் துறந்தார். அவருக்கு முன்பே 1909இல் நாகப்பனும் 1910இல் நாராயணசாமியும் இதே போராட்டத்தில் இறந்திருந்தார்கள். 1914இலேயே மூன்று பவுன் வரி ஒழிந்தது. நம் திருமணங்களும் சட்டப்படி செல்லுபடியாயின.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் யாரென்று கேட்டால் லாசரஸ் தம்பதியரைச் சொல்வேன். நியூகாசிலில் வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் வந்தவர்கள். இரண்டு மூன்று அறை கொண்ட ஒரு வீடும் சிறு மனையும் அவர்கள் சொத்து. சுரங்க முதலாளிகளுக்குப் பயந்து மற்றவர்கள் தயங்கியபோது அவர்கள் கதவைத் திறந்தார்கள். சிறைக்குப் போகத் துணிந்த பெண்கள் அங்கே தங்கினார்கள், காந்தி தங்கினார், வேலையை விட்ட தொழிலாளர்கள் அலையலையாக வந்தார்கள். இரவும் பகலும் அந்த வீட்டு அடுப்பு அணையவில்லை என்று காந்தியே எழுதியிருக்கிறார். லாசரஸ் தேர்தலில் நிற்கவில்லை. மாலை போட்டுக்கொள்ளவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தப் போராட்டம் எங்கே தங்கியிருக்கும், என்ன சாப்பிட்டிருக்கும்?

1914 ஜூலையில் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படும் முன் ஜோகன்னஸ்பர்கில் நடந்த பிரிவுபசார விருந்தில் தம்பி நாயுடு தம் நான்கு மகன்களையும் நாட்டுப் பணிக்கென்று அவரிடம் ஒப்படைத்தார். அவர்கள் இந்தியா வந்து சாந்திநிகேதனிலும் சபர்மதியிலும் வளர்ந்தார்கள். ஒரு மகன் நாரணசாமி தென்னாப்பிரிக்கா திரும்பித் தொழிற்சங்கத்திலும் டிரான்ஸ்வால் இந்தியர் காங்கிரசிலும் உழைத்தார். அவர் மகன் இந்திரஸ் பத்தாண்டுகள் ராபன் தீவுச் சிறையில் கிடந்தார். மகள் சாந்தி 1969இல் கைதாகி, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துத் தனிமைச் சிறையில் இருந்தார். இந்திரஸ் 1994க்குப் பிறகு நாடாளுமன்றம் சென்றார். இன்னொரு பேரன் பிரேமா ஜோகன்னஸ்பர்க் மாநகர மன்றத்தில் உறுப்பினரானார். 1889இல் வந்த பையனுக்கு வாக்கு இல்லை, நிலம் இல்லை. நூறாண்டு கழித்து அவர் குடும்பம் அந்த ஊருக்குச் சட்டம் இயற்றும் இடத்தில் உட்கார்ந்தது.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் அன்று. மேற்கிந்தியத் தீவான குவாதலூப்பில் தென்னிந்தியக் கூலிக் குடும்பத்தில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904இல் வழக்கில் இறங்கினார். பிரெஞ்சு அரசு இறங்கிவர 1923 ஆயிற்று. பத்தொன்பது ஆண்டு, ஒரு பட்டியலில் பெயர் ஏறுவதற்காக.

நம் எல்லைப்புறத்துக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு பிஜியில் இருக்கிறது. 1912இல் ஒப்பந்தக் கூலியாக அங்கே போன குப்புசாமி, பின்னாளில் சாது குப்புசாமி என்று பெயர் பெற்றவர், 1926இல் நாடி ஊரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் மூவருக்கும் அது ஒரே சங்கம். தனித்தனியாகப் பிரிந்திருந்தால் மூவருமே அங்கே சிறுபான்மைக்குள் சிறுபான்மை. சேர்ந்ததால் பள்ளிகள் கட்டினார்கள், பிள்ளைகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க வேண்டும் என்று அரசிடம் கேட்டார்கள். நூறாண்டு ஆகியும் அந்தச் சங்கம் தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் ஒரு செவிலியர் கல்லூரியையும் நடத்திவருகிறது. கரும்பு வெட்டப் போனவர்கள் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஒரே கூரை போட்டார்கள். இங்கே, இரண்டு மொழியும் பிறந்து வளர்ந்த மண்ணில், நாம் பெயர்ப்பலகைக்காக மனக்கசப்பு வளர்க்கிறோம்.

சரி, இன்றைக்கு வருவோம்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்து ஏழைகள். செம்மரக் கடத்தல் குற்றம்தான், அதில் இரண்டு கருத்து இல்லை. நீதி நீதிமன்றத்தில் கிடைக்க வேண்டும் என்பதிலும் இரண்டு கருத்து இருக்கக் கூடாது. நான் இங்கே நினைப்பது வேறு. அவர்களை ஊரிலிருந்து கூட்டிச் சென்றது ஒரு தரகர். எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு, எத்தனை நாளைக்கு என்பது ஊராட்சிக்குத் தெரியாது, பல வீடுகளுக்கே தெரியாது. சங்கம் இல்லாத இடத்தில் ஏஜென்ட்தான் தலைவன். இந்த உண்மையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களும் ஆந்திரக் கிராமங்களும் சேர்ந்தே எதிர்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக்கு வந்து வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கட்டடங்களிலும் ஆலைகளிலும் வடமாநிலத்து இளைஞர்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வடக்கன் என்று பொதுவாக அழைக்கும் பழக்கம் நம்மிடையே ஊன்றிவிட்டது. நேட்டாலில் நம்மவர் ஒவ்வொருவரையும் அவன் பெயர் எதுவானாலும் ‘சாமி’ என்றுதான் வெள்ளைக்காரன் கூப்பிட்டான். அந்த அவமானம் நம் பாட்டன்மாருக்கு நேர்ந்தது. அதையே இன்னொருவருக்கு நாம் செய்யலாமா?

வெளியூர்க்காரர்கள் வந்தால் கூலி குறைகிறது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை போகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. உள்ளூர்க்காரருக்கு ஒரு கூலி, வந்தவருக்கு ஒரு கூலி என்று முதலாளி பிரிக்க முடிகிற வரையில் கூலி குறையத்தான் செய்யும். இருவருக்கும் ஒரே கூலி என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துச் செல்லும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும், பயணப்படி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. இப்போது அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர உள்ளூர்த் தொழிலாளியும் வந்த தொழிலாளியும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். நியூகாசிலில் நடந்தது அதுதான். டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்களுக்கு நேட்டால் சுரங்கத் தொழிலாளி அந்நியன் அல்லவா? ஊரும் வேறு, சட்டமும் வேறு. அவர்கள்தாம் அவனுக்காகச் சிறைக்குப் போனார்கள்.

ஆந்திரப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டில் கொசஸ்தலையாற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அதனால் மதகைத் தூக்கும் முன்பே இந்த மாநில அதிகாரி அந்த மாநில அதிகாரிக்குத் தகவல் சொல்கிறார். தண்ணீருக்கு இருக்கும் இந்த ஏற்பாடு ஆட்களுக்கு இல்லை. ஒரு கிராமத்திலிருந்து முப்பது பேர் வண்டியேறிப் போனால், போகும் இடத்துக்கு யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு கிராம அலுவலகத்திலும் ஒரு பதிவேடு வைத்து, யார், எங்கே, யார் மூலம் போனார்கள் என்று எழுதுவது பெரிய காரியமே அல்ல. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வெள்ளைக்காரன் தன் லாபத்துக்காக நம் ஒவ்வொருவர் ஊரையும் தகப்பன் பெயரையும் எழுதி வைத்தான். நம் மக்களின் பாதுகாப்புக்காக நாமே எழுதி வைக்க முடியாதா?

வெளிநாடு போகிறவர் விஷயத்தில் பொறுப்பு இன்னும் கூடுதல். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்டுதான் ஆள் அனுப்பலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறு வாங்கக் கூடாது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். வாங்கும்போதே 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் சேரும். சுற்றுலா விசாவில் அனுப்புகிற தரகர் இத்தனையையும் பறித்துவிடுகிறார். இதையெல்லாம் விளக்க வக்கீல் வேண்டியதில்லை. ஏற்கெனவே குவைத்திலோ துபாயிலோ இருந்து திரும்பியவர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். பட்ட அனுபவம் அவரிடம் இருக்கிறது. கோயில் முகப்புக்கு நன்கொடை கொடுத்துப் பெயர் பொறித்துக்கொள்ளும் அந்த நல்ல மனம், மாதம் ஒரு மாலை பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து புதிதாகப் போகிறவர்களுக்கு வழி சொன்னால் எத்தனை குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும்!

வாக்குரிமையையும் விட்டுவிட முடியாது. வேறு ஊரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர் படிவம் 8 கொடுத்துத் தம் பெயரை அங்கே மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ மூலம் ஊர்ப் பட்டியலிலேயே பெயர் வைத்திருக்கலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்கத் தொலைவாக்கு இயந்திரம் ஒன்றின் மாதிரியை 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு முன் வைத்தது. கட்சிகளிடையே உடன்பாடு வரவில்லை. ஐயப்பாடுகள் நியாயமானவையே. ஐயத்தைத் தீர்த்து வழி காண்பதும் கட்சிகளின் கடமைதான். ஊரில் இல்லாதவன் என்பதால் ஒருவன் பேச்சில்லாதவனாகிவிட்டால் அவனிலிருந்து தலைவன் எழும்புவது எப்படி? குவாதலூப்பின் சிதம்பரம் வந்து நமக்குப் பாடம் சொல்ல வேண்டிய நிலையில் 2020களின் இந்தியா இருக்கக் கூடாது.

பிள்ளைகளின் படிப்புக்கும் இதில் பங்குண்டு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. பாலசமுத்திரத்துத் தமிழ்க் குழந்தை தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்க வேண்டும். அதே குழந்தை தெலுங்கும் நன்றாகப் படிக்க வேண்டும், தாசில்தார் அலுவலகத்தில் மனு எழுதத் தயங்கக் கூடாது. நான் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். தம்பி நாயுடு தமிழரிடம் தமிழிலும் குஜராத்திகளிடம் இந்துஸ்தானியிலும் அதிகாரியிடம் ஆங்கிலத்திலும் பேச முடிந்ததால்தான் எல்லோருக்காகவும் பேச முடிந்தது. பல மொழி அவருக்குப் பிழைப்பில் கிடைத்தது. நம் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே கிடைக்கலாம். பெற்றோர் குழுக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். ஆசிரியர் இல்லை என்று முணுமுணுத்துவிட்டுப் பிள்ளையைத் தனியார் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால், ஏறாமல் நிற்கும் ஏழைப் பிள்ளைக்காகக் கேட்க ஆளில்லாமல் போகும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் ஊர்க் கூட்டங்களில் சர்பஞ்சாகத் தேர்வான பெண்மணிக்குப் பதில் கணவர் உட்காரும் காட்சி இன்னும் மாறவில்லை. 1913இல் கைக்குழந்தையோடு எல்லை தாண்டிய வீரம்மாள் யாருடைய நாற்காலியிலும் பதிலாளாக உட்காரவில்லை. ஆண்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்ட ஊர்களில் ஊரை நடத்துவது பெண்கள்தாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நம் பகுதியில் நன்றாக வேரூன்றியிருக்கின்றன. கடன் தவணையோடு நின்றுவிடாமல், வெளியூர் போன உறுப்பினர் குடும்பத்துக்கு ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும் ஒரு சிறு நிதியை அந்தக் குழுக்களே தொடங்கலாம். ஜோகன்னஸ்பர்க் சங்கம் பழ வியாபாரிகளின் சில்லறைக் காசில்தான் நடந்தது.

அந்தச் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற தம்பி நாயுடு 1933 அக்டோபர் 31ஆம் தேதி ஜோகன்னஸ்பர்கில் காலமானார். அவர் செய்த வேலை நமக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

நான் கேட்பவை இவைதாம்: அடுத்த கிராம சபையில், வெளியே போனவர்களுக்கும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரு பதிவேடு வைக்கத் தீர்மானம் கொண்டு வாருங்கள். பாலசமுத்திரத்தில் நிறைவேறும் தீர்மானத்தின் நகல் ஒன்று பள்ளிப்பட்டு ஊராட்சி ஒன்றியத்துக்கும் போகட்டும், அங்கிருந்து ஒன்று இங்கே வரட்டும். திரும்பி வந்தவர்கள் மாதம் ஒரு மாலையைக் கொடுங்கள். சூளைக்கு வந்திருக்கும் குடும்பத்தின் குழந்தை அங்கன்வாடிக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். இதில் எந்தக் கட்சிக்கும் மறுப்பு இருக்க முடியாது, எந்த மொழிக்கும் இழப்பு இல்லை. தீர்மானத்தின் கீழ் முதல் கையெழுத்தை நீங்களே போடுங்கள்.